கட்டைவிரலில் ஒரு குடித்தனக்காரன்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் சாலையைப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் லாரியைக் காட்டும் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். என்னிடம் வந்தவர்கள் என் வலது கையைத்தான் பார்த்தார்கள். பயிற்சிக் காரில் நான் இடப்பக்கம் உட்காருவேன். என் வலது கை கியருக்கும் கைப்பிரேக்குக்கும் பக்கத்தில், ஆபத்து வந்தால் உதவத் தயாராக இருக்கும். ஆபத்தே அந்தக் கைதான் என்று அவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி, கியர் மாற்றச் சொன்னபோது, என் விரல் பட்டுவிடக் கூடாதென்று இரண்டு விரலால் கியரைக் கிள்ளிப் பிடித்தாள். மூன்றாவது கியர் என்ன கொத்தமல்லித் தழையா, கிள்ளினால் வருவதற்கு? வண்டி திடலின் நடுவில் இருமிவிட்டு நின்றது.

"சிகு, கையில என்ன அது?" என்றாள். எங்கள் பக்கம் வாத்தியார், பயிற்றுநர் எல்லாருமே மலாய் மொழியின் புண்ணியத்தில் 'சிகு' ஆகிவிட்டவர்கள்.

"மரு," என்றேன். "கிளட்ச்ச மிதி."

மிதித்தாள். பார்வை மட்டும் என் கையை விட்டு நகரவில்லை.

எனக்கு வீடு மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில். வேலை உலு திராம் பக்கத்தில் உள்ள ஒரு டிரைவிங் ஸ்கூலில். இருபது வருடத்துக்கு மேலாகப் பிறர் பிள்ளைகள் செய்யும் தவறுகளுக்குப் பக்கத்தில் அமர்ந்து சம்பளம் வாங்குகிறேன். இப்படிப்பட்டவனுக்குப் பொறுமை அதிகம் என்று வெளியில் நினைப்பார்கள். என் மனைவியைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வாள்.

அந்த மரு முதலில் பச்சைப்பயறு அளவில் கட்டைவிரலின் உட்பக்கம் வந்தது. வலியில்லை, அரிப்பில்லை. வந்தவன் ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். அவன் கடலைப் பருப்பு அளவுக்கு வளர்ந்தான். மேற்புறம் காலிஃபிளவர் மாதிரி வெடித்தது. பிறகு ஊரிலிருந்து சொந்தக்காரர்களை வரவழைத்துக்கொண்டான். ஆட்காட்டி விரலில் ஒன்று, விரல் முட்டிகளில் இரண்டு மூன்று, மணிக்கட்டுப் பக்கம் ஒரு சின்னக் கூட்டம். வாடகையும் இல்லை, முன்பணமும் இல்லை. குடும்பத்தோடு குடியேறிவிட்டார்கள்.

மரு வந்தவனுக்கு ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. சர்க்கரை நோய் என்றால்கூடப் பாதிப் பேர் டாக்டரைப் பார்க்கச் சொல்வார்கள். மரு என்றால் எல்லாருமே டாக்டர்கள். என்னோடு வேலை பார்க்கும் சீன நண்பர் வெள்ளைப்பூண்டை நசுக்கி வைத்துக் கட்டச் சொன்னார். கட்டினேன். மரு அப்படியே இருந்தது, அதைச் சுற்றியிருந்த நல்ல தோல்தான் வெந்து உரிந்தது. காருக்குள் ரசம் வாசனை அடிப்பதாகப் புகார் வந்தது. டிரைவிங் ஸ்கூலுக்கு எதிரே உணவுக்கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் நண்பர் அதைவிட ஒரு படி மேலே போனார்.

"குதிர முடியில இறுக்கிக் கட்டுங்கண்ணே. பட்டுனு விழுந்துரும். ஊர்ல எங்க வாப்பாவுக்கு அப்படித்தான் விழுந்துச்சு."

"குதிரைக்கு எங்க போறது பாய்?"

"அது உங்க பாடு," என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார்.

ஜொகூரில் குதிரை இல்லாமல் இல்லை. வைத்திருப்பவர்கள்தான் என்னைப் போன்றவர்களை வாலுக்குப் பின்னால் கத்தரிக்கோலோடு நிற்க விடுகிற மாதிரியானவர்கள் இல்லை. ஆகவே அந்த வைத்தியம் அங்கேயே நின்றது.

இதெல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, என் பேத்தி பிறக்கும் வரை.

எனக்கு ஒரே மகள். குளுவாங்கில் இடைநிலைப் பள்ளி ஆசிரியை. மாப்பிள்ளைக்கும் அதே ஊர். கல்யாணமாகி நாலு வருடம் கழித்துப் பெண் குழந்தை. மருத்துவமனையில் முதல் நாளே என்னிடம் கொடுத்தார்கள். அன்று யாரும் என் கையைப் பார்க்கவில்லை, எல்லாரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மாதம் வரை எல்லாம் நன்றாகப் போயிற்று. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை குளுவாங் போய், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ஒன்றாகத் தூங்கிவிடுவோம். வாழ்க்கையில் அவ்வளவு நல்ல தூக்கம் எனக்கு வாய்த்ததே இல்லை.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமைதான் மகள் என் எதிரில் வந்து நின்றாள்.

"அப்பா, கைய காட்டுங்க."

காட்டினேன்.

"இன்னும் போகலையா இது? இது வைரஸ்பா. ஒட்டுவாரொட்டி. பாப்பாவ தொடாதீங்க."

"இத்தன நாளா தொட்டுக்கிட்டுதான இருக்கேன்?"

"அதான் சொல்றேன், இனிமே தொடாதீங்க."

புதிதாகத் தாயான பெண்கள் சேர்ந்து நடத்தும் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவள் இருந்தாள். மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றையும் மூடிவிட்டால்கூட அந்தக் குழு ஒன்று போதும், நாடு பிழைத்துக்கொள்ளும். அங்கே யாரோ ஒருத்தி, வீட்டுப் பெரியவர் கையிலிருந்து குழந்தை முகத்துக்கு மரு பரவியதாகப் படத்தோடு போட்டிருக்கிறாள். அந்தப் படத்தை மகள் என்னிடமும் காட்டினாள். பார்க்க எனக்கே பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், அவளைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட கை அது. அதைக் குப்பைத் தொட்டியின் மூடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

இரண்டு வாரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மாதிரி இருக்கிறது என்றாள் மனைவி. மூன்றாவது வாரம் அவளே ஒரு சமரசத் திட்டத்தோடு வந்தாள். ஹார்ட்வேர் கடையில் விற்கும் வெள்ளைப் பருத்திக் கையுறை. வலது கைக்கு மட்டும். வாராவாரம் வெந்நீரில் அலசி, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி வேறு செய்து கொடுப்பாள். மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சரி என்றாள்.

இப்படியாக நான் ஒற்றைக் கையுறைத் தாத்தா ஆனேன். போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் அவசரத்தில் பாதி உடையோடு வந்துவிட்டதுபோல் இருக்கும். ஆனால் என் பேத்திக்கு அந்தக் கையுறையின் மேல் உயிர். விரலை மடக்கி நீட்டினால் சிரிப்பாள். கட்டைவிரல் நுனியை ஈறால் கடித்துக் கடித்து நூல் பிரித்துவிட்டாள். என் காரின் சத்தம் கேட்டாலே கையை ஆட்டுவதாக மகள் சொன்னாள். என் முகத்தை அவள் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை. அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என் முகத்தை யாருமே அவ்வளவாகக் கவனித்ததில்லை.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது அடுத்த குண்டு விழுந்தது. முதல் பிறந்தநாளை ஒட்டி மொட்டை அடித்துக் காது குத்தப் போகிறார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துச் செய்வதுதான் வழக்கம். என் மகளுக்கு உடன்பிறந்தவன் இல்லை. அதனால் அந்த இடம் எனக்குத்தான் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு, புது வேட்டிகூடப் பார்த்து வைத்திருந்தேன்.

"அண்ணன் மடியில உக்கார வெச்சிரலாம்பா," என்றாள் மகள். அண்ணன் என்று அவள் சொன்னது என் மனைவியின் அக்காள் மகனை. சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் வேலை. முறைப்படி பார்த்தால் அவன் தாய்மாமன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவன் என்னிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவன். இரண்டு கம்பத்துக்கு நடுவே வண்டியை நிறுத்தச் சொன்னால் கம்பத்தின் மேலேயே நிறுத்துவான். அவன் மடியில் என் பேத்தி, அவள் தலைக்குப் பக்கத்தில் சவரக் கத்தி. நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

"நான் உக்காரலாம்னு நெனச்சேன்மா."

"கையோட கண்டிஷன பாருங்கப்பா. மொட்ட அடிச்ச தலையில அங்கங்க கீறல் இருக்கும். காதுல புண்ணு வேற. அந்த மரு பட்டுச்சுன்னா?"

"கையுறை போட்டுக்கறேன்."

"அத்தன பேரு முன்னாடியா? அவங்க வீட்டு ஆளுங்க என்ன நெனப்பாங்க, அப்பாவுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நெனைக்க மாட்டாங்களா?" பிறகு குரலைத் தணித்துக்கொண்டு சொன்னாள்: "கை சுத்தமாயிருச்சுன்னா நீங்களே உக்காருங்கப்பா. நான் வேணாம்னா சொல்றேன்?"

திரும்பி வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. அந்த மடி என் மடியாக இருக்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். அறுபது வயதை நெருங்கும் ஒருவன் மருவுக்குப் பயந்து அழுதான் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காகக் காரில் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து போர். மருந்துக் கடையில் கொடுத்த அமிலத்தை தினமும் பூசினேன். மருவின் மேல்தோல் வெள்ளையாக உரிந்து விழும். இரண்டு நாளில் உள்ளேயிருந்து புதிய தோலோடு அதே மரு சிரிக்கும். சட்டை மாற்றிக்கொண்டதோடு சரி. பிறகு பக்கத்து கிளினிக்கில் உறைய வைத்துப் பார்த்தார்கள். குழாயிலிருந்து வெண்புகை வந்தது, விரல் விறைத்தது, கொப்புளம் வந்து உடைந்தது, ஒரு வாரம் நான் இடது கையால் சாப்பிட்டேன். கொப்புளம் ஆறிய இடத்தில், நடுவில் பழையவனும் அவனைச் சுற்றி வட்டமாகப் புதியவர்களும் எழுந்தார்கள். கிளினிக் டாக்டர் அதை ஆர்வமாகப் பார்த்து, "இப்படியும் ஆகும்," என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

இதற்கிடையில் மனைவி மாரியம்மன் கோயிலுக்கு உப்பும் மிளகும் வேண்டிக்கொண்டாள். உப்பு கரைவதுபோல் மரு கரைய வேண்டும் என்று கணக்கு. மரு என்னுடையது, நீ போய்ப் போட்டால் அம்மனுக்கு யாருடையது என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "உங்க வாய் இருக்கே, மொதல்ல அதத்தான் அம்மா சரிபண்ணணும்," என்றாள்.

கடைசியில் கிளினிக் டாக்டரே ஜொகூர் பாருவில் உள்ள ஒரு தோல் நிபுணரிடம் அனுப்பினார். தமிழ்ப் பெண். என் மகளைவிட ஓரிரு வயது கூடுதலாக இருக்கலாம். பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் என் கட்டைவிரலைப் பார்த்தார்.

"எவ்ளோ நாளா இருக்கு அங்கிள்?"

"மகள் கல்யாணத்துக்கு வந்தது டாக்டர். வந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. இது மட்டும் போகல."

சிரித்தார். சிரிக்கிற டாக்டரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை வரும்.

"சில மரு இப்படித்தான், என்ன செஞ்சாலும் திரும்ப வரும். இது தோலோட மேல் அடுக்குல ஒளிஞ்சிருக்கு. உங்க உடம்புக்கு இது இங்க இருக்குறதே தெரியல. நாம ஒரு ஊசி போட்டு உடம்ப எழுப்பி விடணும். அது சண்டைக்கு வரும்போது மருவையும் சேர்த்து அடிச்சிரும்."

"எல்லா மருவுலயும் ஊசி போடுவீங்களா?"

"ஒண்ணுலதான். பெருசுல."

"மத்ததெல்லாம்?"

"உடம்பு முழிச்சிக்கிட்டா அதுங்களும் போயிரும். தூரத்துல இருக்குறதுகூட போகும்."

இதை நான் நம்பவில்லை. ஒரு டயருக்குக் காற்றடித்தால் நாலு டயரும் நிரம்பும் என்று மெக்கானிக் சொன்னால் நான் கடையை மாற்றிவிடுவேன். ஆனால் கடை மாற்ற எனக்கு நேரமில்லை. என்ன ஊசி என்று கேட்டேன். இரண்டு வகை இருக்கிறது என்றார். ஒன்று புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. மிகக் கொஞ்சமாக மருவுக்குள்ளேயே செலுத்துவார்கள், நல்ல வலி இருக்கும், நகத்துக்குப் பக்கத்தில் என்றால் நகம் கெடவும் கூடும். அந்தப் பெயரைக் கேட்டதுமே என் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு பாதி எழுந்துவிட்டாள். இன்னொன்று தடுப்பூசி.

"தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா, மூணுக்கும் சேர்த்துப் போடுவாங்களே, அதே ஊசி."

"அது பச்சப் பிள்ளைங்களுக்குப் போடறதாச்சே?"

"ஆமா அங்கிள். உங்களுக்குப் புட்டத்துல போடல. மருவுல போடறேன்."

எல்லாருக்கும் பலிக்கும் என்று உத்தரவாதம் கிடையாது, சிலருக்குப் பாதியோடு நிற்கும், சிலருக்கு ஒன்றுமே ஆகாது என்றும் சொன்னார். வேறு நோய் உண்டா, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்தார். பேத்தியைப் பற்றி நானே சொன்னேன். "மருவ மூடிக்கிட்டு, கைய நல்லா கழுவிட்டு, தாராளமா தூக்கலாமே," என்றார். "மொட்ட அடிக்கிற அன்னிக்கு மட்டும் மகள் சொல்றது சரி. புண்ணுல படக் கூடாது." மகள் சொல்வது சரி என்று சொல்லும் ஆட்கள் எங்கே போனாலும் எனக்கென்றே காத்திருப்பார்கள்.

மருவின் மேற்புறத்தைப் பிளேடால் மெல்லச் சீவினார். அது வலிக்கவில்லை. ஆகா, இவ்வளவுதானா என்று பெரிய மனிதன் மாதிரி மனைவியைப் பார்த்துப் புன்னகை செய்தேன். அப்போது ஊசி இறங்கியது. கட்டைவிரலின் நுனியில் இறைவன் எதற்காக அவ்வளவு நரம்புகளை வைத்தான் என்று எனக்குத் தெரியாது. மருந்து உள்ளே போகப் போக விரல் வெடித்துவிடும் போலிருந்தது. நான் கத்தவில்லை என்றுதான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டதாக மனைவி பிறகு சொன்னாள்.

மாலையில் உடம்பு அனலாகக் கொதித்தது. போர்வைக்குள் கிடந்தபோது மகள் தொலைபேசியில் அழைத்தாள். அந்த வாரம் பேத்திக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி.

"பாப்பாவுக்கும் அதே ஊசிதான்பா. ஒரு நிமிஷம் அழுதுச்சு, அப்புறம் சிரிச்சிருச்சு. நீங்க?"

"நான் இன்னும் சிரிக்கல."

"காய்ச்சல் இருக்கா? பாப்பாவுக்குக் கொஞ்சம் இருக்கு." அவள் சொன்ன விதத்தில் கொஞ்சம் கனிவு இருந்தது. இருவருக்கும் ஒரே ஊசி, ஒரே காய்ச்சல். தாத்தாவும் பேத்தியும் ஒரே வகுப்பில் சேர்ந்ததுபோல் எனக்கு ஒரு சந்தோஷம். வெளியில் சொன்னால் காய்ச்சலில் உளறுகிறார் என்பார்கள் என்று சொல்லவில்லை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனேன். இரண்டாவது ஊசி முடிந்து பார்த்தால் மரு அப்படியே இருந்தது. ஒவ்வொரு நாளும் காலையில் எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் விரலைப் பிடித்துப் பார்ப்பேன். மனைவி அதைச் சூரிய நமஸ்காரம் என்பாள். குளுவாங்கில் மண்டபத்துக்குச் சொல்லியாகிவிட்டது, சமையலுக்குச் சொல்லியாகிவிட்டது. சிங்கப்பூர்க்காரன் பட்டு வேட்டி வாங்கிவிட்டதாகப் படம் அனுப்பினான். "ஓகேவா சித்தப்பா?" என்று கேட்டிருந்தான். கட்டைவிரல் உயர்த்தும் படத்தைப் பதிலாக அனுப்பினேன். எந்த விரல் என்று அவனுக்குப் புரிந்திருக்காது.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு, ஒருநாள் காரின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது கவனித்தேன். மணிக்கட்டுப் பக்கத்தில் இருந்த சின்னக் கூட்டத்தைக் காணோம். விரல் முட்டியில் இருந்தவை வெறும் தழும்பாகக் கிடந்தன. அவற்றின் பக்கம் ஊசி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குடித்தனக்காரனுக்கு நோட்டீஸ் போனதும் ஒண்டியிருந்தவர்கள் முதலில் மூட்டை கட்டியிருக்கிறார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் பெரியவனும் கறுத்து, காய்ந்து, ஒருநாள் குளிக்கும்போது துண்டோடு போய்விட்டான். குளியலறையிலிருந்து நான் போட்ட சத்தத்தில் நான் வழுக்கி விழுந்துவிட்டதாக நினைத்து மனைவி ஓடி வந்தாள். விரலைக் காட்டினேன். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அம்மா காப்பாத்திட்டா," என்றாள். வெள்ளைப்பூண்டு நண்பரோ, பூண்டு உள்ளே ஊறி வேலை செய்ய நாளாகும் என்று தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். அவர் சொல்லவில்லை. ஊசியை வாங்கியவனைத் தவிர எல்லாருக்கும் பாராட்டு கிடைத்தது.

ஒரே ஒரு சிக்கல். எங்கள் டிரைவிங் ஸ்கூலில் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன்னால் பயிற்றுநரும் மாணவரும் இயந்திரத்தில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். மறுநாள் காலை நான் வைத்தபோது அது சிவப்பு விளக்குப் போட்டது. துடைத்து வைத்தேன், அழுத்தி வைத்தேன், தாஜா பண்ணி வைத்தேன். சிவப்புதான். ஆபீஸ் பெண் வந்து பார்த்து, "சிகு, போன தடவ பதிஞ்சப்ப அந்த மரு இருந்துச்சுல்ல? மெஷினுக்கு மருவோட இருக்குற சிகுவத்தான் தெரியும்," என்றாள். புதிதாகப் பதிந்துகொடுத்தாள். அன்று அதை நினைத்து நன்றாகச் சிரித்தேன்.

விழாவுக்கு முந்தைய நாளே குளுவாங் போய்விட்டோம். மகள் என் கையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துக்கொண்டு போய், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஒவ்வொரு விரலாகத் திருப்பினாள். டிரைவிங் சோதனை அதிகாரிகள்கூட என் மாணவர்களை அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"ரொம்ப வலிச்சுச்சாப்பா?"

"இல்லம்மா."

"அம்மா வேற மாதிரி சொன்னாங்க." அவள் கண் கலங்கியிருந்தது. "அண்ணன்கிட்ட நான் சொல்லிட்டேன். நீங்கதான் உக்காரறீங்க."

காலையில் கோயிலில் நல்ல கூட்டம். மாப்பிள்ளை வீட்டார் ஒருபக்கம், நாங்கள் ஒருபக்கம். புது வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசி, பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். வலது கையை முழங்காலின் மேல் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டேன். இவ்வளவு செலவழித்த கையை மறைத்து வைப்பானேன்? நாவிதர் கத்தியில் புதுப் பிளேடு மாட்டினார். மகள் குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

பேத்தி என் கையைப் பார்த்தாள். அந்தக் கை அவளுடைய தலையைத் தாங்க நெருங்கியது. வீல் என்று கத்தினாள்.

அழுகை என்றால் சாதாரண அழுகை இல்லை. உடம்பை வில்லாக வளைத்து, என் கையைத் தட்டிவிட்டு, யாரோ ஒரு அந்நியன் தன்னைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பதுபோல் அம்மாவைப் பார்த்துக் கையை நீட்டினாள். கன்னத்தைத் தடவினேன், அதிகமாக அழுதாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், இன்னும் அதிகமாக அழுதாள். நாவிதர் கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்.

"ஐயா, பிள்ள இப்படி ஆடுனா வெட்டிரும். வேற யாராச்சும் உக்காருங்களேன்," என்றார்.

எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. கூட்டத்திலிருந்து பட்டு வேட்டி சரசரக்க அவன் எழுந்தான். நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. "சித்தப்பா, நான் வேணா உக்காரவா?" என்று மெதுவாகத்தான் கேட்டான். மாப்பிள்ளையின் அம்மா தலையசைத்தார். நான் குழந்தையைத் தூக்கிக் கொடுக்கக் கையை எடுத்தேன்.

மகள் என்னைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள், பிறகு என் வெறுங்கையைப் பார்த்தாள்.

"இருங்கப்பா," என்றாள். "அண்ணா, அப்பா கார்ல அந்த வெள்ளைக் கையுறை இருக்கும். ஓடிப்போய் எடுத்துட்டு வா."

"எதுக்கும்மா? அத்தன பேரு முன்னாடி..." என்றேன்.

"பரவால்லப்பா. போட்டுக்குங்க."

பட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு அவன் கார் நிறுத்துமிடத்துக்கு ஓடினான். நாங்கள் எல்லாரும், இரண்டு வீட்டாரும், நாதஸ்வரக்காரரும், காது குத்த வந்த பத்தரும், ஒற்றைக் கையுறைக்காகக் காத்திருந்தோம். வந்தது. மனைவி போன வாரம் இஸ்திரி போட்டது, கட்டைவிரல் நுனியில் மட்டும் நூல் பிரிந்து தொங்கியது. போட்டுக்கொண்டேன். ஒரு விரலை மடக்கி நீட்டினேன்.

பேத்தி அழுகையை நிறுத்தினாள். கையுறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, அப்போதுதான் நான் வந்து சேர்ந்ததுபோல், என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். நாவிதர் அவள் நெற்றியோரத்தில் கத்தியை வைத்தார். முடி என் வேட்டியில் விழ விழ அவள் கையுறையின் கட்டைவிரல் நுனியைச் சப்பிக்கொண்டிருந்தாள். பத்தர் காதில் ஊசி வைத்தபோது அழுதாள், ஆனால் அப்போது அம்மாவைத் தேடவில்லை. என் கட்டைவிரலைத்தான் இறுக்கிப் பிடித்தாள். பருத்தித் துணிக்கு அடியில், நான் அவ்வளவு ஊசி வாங்கிச் சுத்தம் செய்த விரல். அது சுத்தமாக இருப்பது அவளுக்குத் தெரியாது. எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை சத்தமாக வைக்க வானொலி இல்லை.

அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கி மகள் தன் வீட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறாள். சந்தனம் பூசிய மொட்டைத் தலை, புதுத் தோடு, அவளைச் சுற்றி வெள்ளைக் கையுறை போட்ட என் கை. வருகிறவர்கள் எல்லாம் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, அப்புறம் என்னிடம் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்பார்கள்: "ஐயாவுக்குக் கையில என்னங்க?"

வலது கையை நீட்டி, விரல்களை விரித்துக் காட்டி, ஒன்றுமில்லை என்பேன். பாவம் மனிதர், மறைக்கிறார் என்று அவர்கள் படத்தைத் திரும்பவும் ஒருமுறை பார்த்துக்கொள்வார்கள்.